சிறை ஊழியம்: வீட்டில் தொடங்கி வீட்டில் முடிக்கும் வழி

தமிழ்நாட்டில் ஒரு சபையோ பங்கோ சிறை ஊழியம் செய்ய முடிவெடுத்ததும் பெரும்பாலும் நடப்பது இதுதான்: கீபோர்டு, பிஸ்கட் பெட்டி, பத்துப் பதினைந்து பேர் என்று கிளம்பிப் போய்ச் சிறை வாசலில் நிற்பார்கள். அனுமதி கிடைக்காவிட்டால் மனம் சோர்ந்து திரும்புவார்கள். கிடைத்துவிட்டால் இன்னும் சிக்கல். உள்ளே என்ன பேசுவது, வெளியே வந்தபின் யாரைப் போய்ப் பார்ப்பது என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

குழு, குடும்பம், சட்ட உதவி, அனுமதி, உள்ளே நடக்கும் கூட்டம், விடுதலை என்பதே சரியான வரிசை. சிறை வாசல் இதில் நடுவில்தான் வருகிறது. புழல், வேலூர், பாளையங்கோட்டை என எந்த மத்திய சிறைக்கும், ஊர்ப்பக்கத்துக் கிளைச் சிறைக்கும் இது பொருந்தும்.

1. குழுவைத் தேர்ந்தெடுத்தல்

ஐந்தாறு பேர் போதும். அதில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும். சிறையில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். ஆனால் வெளியே நீங்கள் சந்திக்கப் போவது அவர்களின் மனைவி, தாய், அக்கா ஆகியோரை. ஆண்கள் மட்டுமே உள்ள குழுவால் அந்த வீட்டுத் திண்ணையைத் தாண்ட முடியாது. தாண்டினால் அக்கம்பக்கத்தார் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள்.

ஒவ்வொருவரும் ஓராண்டாவது தொடர்ந்து வருவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். டிசம்பரில் கேக்கோடு வரும் குழுக்களுக்கு எந்தச் சிறையிலும் பஞ்சமில்லை. பிப்ரவரியில் யார் வருகிறார்கள் என்பதே கேள்வி.

அதே சிறையில் உறவினர் இருப்பவர், தன் பெயரில் வழக்கு நடந்துகொண்டிருப்பவர், எதையும் படமெடுத்துப் போடாமல் இருக்க முடியாதவர் ஆகிய மூவரையும் உள்ளே செல்லும் குழுவில் சேர்க்க வேண்டாம். முதல் இருவரால் குழுவின் அனுமதியே பறிபோகலாம். மூன்றாமவரால் ஒரு குடும்பத்தின் மானம் போகலாம்.

பணத்துக்கான விதியையும் முதல் நாளே எழுதி வையுங்கள். எந்த உறுப்பினரும் தன் கையிலிருந்து எந்தக் குடும்பத்துக்கும் தனியாகப் பணம் கொடுக்கக் கூடாது. உதவி எல்லாம் சபையின் கணக்கு வழியாக, ரசீதோடு போகட்டும். இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் 'இவர் கொடுக்கிறவர், அவர் கொடுக்காதவர்' என்று குழு இரண்டாகப் பிரிந்து தெரியும்.

2. குடும்பத்தை முதலில் சந்தித்தல்

இதை முதலில் வைப்பதற்கு எளிய காரணம், இதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை என்பது. பெரிய காரணம், உள்ளே இருப்பவரின் மனம் முழுவதும் வீட்டில்தான் இருக்கிறது என்பது. 'உங்கள் அம்மாவைப் பார்த்தோம், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள்' என்ற ஒரு செய்தி அவரிடம் செய்வதை அரைமணி நேரப் பிரசங்கம் செய்வதில்லை.

குடும்பங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். உங்கள் சேகரத்திலேயே, அதாவது உங்கள் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகளிலேயே, சில மாதங்களாக ஆராதனைக்கு வராமல் இருக்கும் வீடுகளை ஆயரிடமோ உபதேசியாரிடமோ கேளுங்கள். கைது நடந்த வீடு முதலில் விட்டுவிடுவது கோயிலைத்தான். அங்கேதான் எல்லாக் கண்களும் தன்மேல் விழும் என்று அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும்.

இருவர் மட்டும் போங்கள். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். சபையின் பெயர் எழுதிய வேன் வேண்டாம். தெருமுனையில் நின்று வீட்டுக்கு வழி கேட்க வேண்டாம்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தவறும் இடம் முதல் கேள்வி. 'என்ன கேஸ்?' என்று கேட்காதீர்கள். வழக்கைப் பற்றி நூறு பேர் கேட்டுவிட்டார்கள். 'மனுவுக்கு யார் போகிறீர்கள்? பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா? வீட்டு வாடகை எப்படி?' என்று கேளுங்கள். மனு என்றால் சிறையில் ஆளைப் பார்க்கப் போவது. முதல் மனு பல குடும்பங்களுக்குப் பெரும் பயம். ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு ஆகும். ஆதார் அட்டையின் நகலை மறந்துவிட்டால் வாசலோடு திரும்ப வேண்டும். எந்தக் கிழமையில், எத்தனை மணிக்குள் பதிவு செய்ய வேண்டும், எதை உள்ளே கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதை அந்தச் சிறையில் நேரில் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். விதிகள் சிறைக்குச் சிறை, காலத்துக்குக் காலம் மாறுகின்றன. முதல் முறை உடன் போங்கள். நீங்கள் செய்யும் உதவிகளில் இதைத்தான் அவர்கள் நெடுநாள் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பிள்ளைகளிடம் அப்பாவைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பதைத் தாயிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளாமல் பிள்ளையிடம் வாய் திறக்காதீர்கள். 'துபாய்க்கு வேலைக்குப் போயிருக்கிறார்' என்று சொல்லி வைத்திருக்கலாம். அது நிலைக்காது, பள்ளியில் யாராவது ஒரு பையன் உண்மையைக் கத்திவிடுவான். அதற்கு முன்பே தாய் தன் வாயால் சொல்வது நல்லது என்று ஆலோசனை கூறலாம். சொல்ல வேண்டியவர் அவர், நீங்கள் அல்ல.

பிள்ளையின் படிப்புக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பியுங்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. யாருக்கு என்பதை மாவட்டக் குழு முடிவு செய்யும். பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098.

இனி யாரும் பேச விரும்பாத விஷயம். கிராமத்துச் சபைகளில் குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பமும் பாதிக்கப்பட்டவரின் குடும்பமும் ஒரே கோயிலில் எதிரெதிர்ப் பக்கங்களில் உட்கார்ந்திருப்பார்கள். அப்படியிருந்தால் பாதிக்கப்பட்டவர் வீட்டுக்கு ஆயர் முதலில் போக வேண்டும். குழு என்ன செய்யப் போகிறது என்பதை அவர்கள் அவர் வாயால் கேட்க வேண்டும். வேறு யாராவது வந்து சொன்னால் அது துரோகமாகவே தெரியும். இரண்டு வீட்டுக்கும் ஒரே ஆள் போகக் கூடாது. 'மன்னித்துவிடுங்கள்' என்று பாதிக்கப்பட்டவர்களிடம் ஒருபோதும் தூது போகாதீர்கள். துக்கத்தில் இருப்பவரை அது மிதிப்பது போலாகும். அதோடு, சாட்சிகளைக் கலைக்க முயன்றதாக வழக்கில் திரும்பி, கிடைத்த ஜாமீனும் ரத்தாகலாம்.

3. சட்ட உதவியின் வாசலைக் காட்டுதல்

நீங்கள் வழக்கறிஞர் இல்லை. ஆனால் வழி காட்டலாம். அதற்கு முன் குடும்பத்திடமிருந்து மூன்று விவரங்களை வாங்கி எழுதிக்கொள்ளுங்கள்: காவல் நிலையத்தின் பெயரும் குற்ற எண்ணும்; வழக்கு எந்த நீதிமன்றத்தில் என்பது; சிறையில் கொடுத்த சிறைவாசி எண். பல குடும்பங்களிடம் ஒன்றுகூட இருக்காது. இவை இல்லாமல் எந்த அலுவலகத்திலும் பேச்சு நகராது.

அடுத்து, நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. தொலைபேசி எண் 15100. இலவச வக்கீல் ஒழுங்காக வாதாட மாட்டார் என்று அஞ்சி, இருக்கும் நகையை அடகு வைத்துவிட்டுக் கடைசியில் இங்கே வரும் குடும்பங்கள் ஏராளம். நகை அடகுக்குப் போவதற்கு முன் ஒருமுறை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

விசாரணைக் கைதியாகவே நீண்ட காலம் இருப்பவருக்கு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவு முக்கியமானது. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர், தன்மேல் சாட்டப்பட்ட குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கும், மற்றவர்கள் பாதியும் சிறையில் கழித்திருந்தால் விடுவிக்கக் கோரலாம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது. நாள்களை நீங்கள் கணக்குப் போட்டு நம்பிக்கை ஊட்டாதீர்கள். 'இதைப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள்' என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே இருப்பவர்கள் உண்டு. ஏழு நாளாகியும் அப்படி ஒருவர் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் அதைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் உத்தரவிட்டது. பணம் கட்ட இயலாத ஏழைச் சிறைவாசிகளுக்கு உதவ மத்திய அரசின் திட்டம் ஒன்றும் அதே ஆண்டில் வந்தது. அதற்கும் இந்த ஆணைக்குழு வழியாகவே கேளுங்கள்.

குழுவில் யாரும் ஜாமீன் கையெழுத்துப் போடக் கூடாது. ஒருவருக்குப் போட்டால் அடுத்தவருக்கு ஏன் இல்லை என்ற கேள்வி வரும். அந்த ஆள் வாய்தாவுக்கு வராமல் போனால் பணம் கட்ட வேண்டியவர் நீங்கள். அதன்பின் அவரைப் பார்க்கப் போகும் உங்கள் முகத்தில் அக்கறை தெரியாது, கடன்காரரின் கோபம்தான் தெரியும். குறிப்பிட்ட வக்கீலைப் பரிந்துரைப்பது, வக்கீல் பீஸைக் கையில் வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பது ஆகிய இரண்டும் இதே கணக்கில் சேரும்.

4. அனுமதி கேட்டல்

ஏற்கெனவே அனுமதி பெற்றுச் செல்லும் குழு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கத்தோலிக்கர்களுக்கு இந்தியச் சிறைப் பணிக் குழு மறைமாவட்டங்கள் தோறும் இயங்குகிறது. மற்ற சபைகளில் திருமண்டல அளவிலான குழுக்களும், பிரிசன் ஃபெல்லோஷிப் போன்ற அமைப்புகளும் இருக்கின்றன. அவர்களோடு இணைந்து ஆறு மாதம் போய்வந்தால் பாதி வேலை முடிந்தது. அதிகாரிகளுக்குப் புது முகம் என்றாலே கவலைதான். தெரிந்த குழுவோடு வரும் புது முகம் அவ்வளவு கவலை தராது.

தனியாகக் கேட்பதானால், சபையின் கடிதத்தாளில் சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். மேலிடத்து அனுமதி தேவையென்றால் அவரே சொல்வார். செல்பவர்களின் பெயர், முகவரி, புகைப்படம், ஆதார் நகல், எந்த நாள், எத்தனை மணி நேரம், என்ன நடக்கும், என்னென்ன பொருள், எத்தனை எண்ணிக்கை ஆகிய எல்லாம் அதில் இருக்க வேண்டும். 'வேதாகமங்கள்' என்று எழுதாமல் '20 புதிய ஏற்பாடுகள்' என்று எழுதுங்கள். வாசலில் எண்ணுவார்கள்.

சிறியதைக் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் என்பது அவர்களால் கொடுக்க முடிந்த ஒன்று. மேடை போட்டுப் பெருவிழா என்றால் காவலர்களை இடம் மாற்றி நிறுத்த வேண்டியிருக்கும். மறுப்பதே அவர்களுக்கு எளிது. அரசியல்வாதியின் பரிந்துரைக் கடிதத்தோடு போகாதீர்கள். இன்று திறக்கும் கதவு, ஆட்சியோ அதிகாரியோ மாறும் நாளில் அதே காரணத்தால் மூடும்.

சிறைவாசிகளின் நலனைக் கவனிக்கும் நல அலுவலரைத் தனியே சந்தித்து அறிமுகமாகிக்கொள்ளுங்கள். பின்னால் உங்களுக்கு அதிகம் வேண்டியிருக்கப் போகிறவர் அவர்தான்.

5. வாசலில்

கைபேசி, ஸ்மார்ட் வாட்ச், பென் டிரைவ், பணப்பை, மாத்திரை, பாக்கு, புகையிலை எல்லாவற்றையும் வண்டியிலோ வீட்டிலோ விட்டுவிடுங்கள். அடையாள அட்டை, வேதாகமம், கைக்குட்டை போதும். வேதாகமத்துக்குள் செருகி வைத்த காணிக்கை உறையும் ஐந்நூறு ரூபாய்த் தாளும் வாசலில் வெளியே விழுவது அடிக்கடி நடக்கிறது. முந்தின இரவே புத்தகத்தை உதறிப் பாருங்கள்.

காக்கி நிறமும், தண்டனைக் கைதிகளின் சீருடையைப் போன்ற முழு வெள்ளையும் வேண்டாம். பட்டியலில் இல்லாத ஆளைக் கூட்டிக்கொண்டு போய் 'இவரும் நம்மவர்தான்' என்று கெஞ்ச வேண்டாம். சோதனைக்கு முகம் சுளிக்காதீர்கள். குடும்பத்தார் மனு நாள் தோறும் இதைத் தாண்டித்தான் போகிறார்கள்.

6. உள்ளே ஒரு மணி நேரம்

வருகிறவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்களாக இருக்க மாட்டார்கள். சிலர் பாட்டுக்காக வருவார்கள், சிலர் பிளாக்கை விட்டு ஒரு மணி நேரம் வெளியே உட்காருவதற்காக. இரண்டும் போதுமான காரணங்களே. தெரிந்த கீர்த்தனைகள் இரண்டு, சிறிய வாசிப்பு, பத்து நிமிடத்துக்கு மேற்படாத பேச்சு, ஜெபம். மீதி நேரம் முழுவதும் கேட்பதற்கு.

பேச்சுக்கு எந்தப் பகுதியை எடுப்பது? புதியவர்கள் நேராகப் போவது அப்போஸ்தலர் 16க்கு. பவுலும் சீலாவும் பாடினார்கள், பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன. கேட்பவர் எடுத்துக்கொள்வது 'எனக்கு இந்த வாய்தாவில் ஜாமீன்' என்பதை. அடுத்த வாரம் ஜாமீன் மனு தள்ளுபடியானால் உடைவது ஜாமீன் நம்பிக்கை மட்டும் இல்லை. அந்தப் பகுதியைப் பேசினால், கதவு திறந்தும் அவர்கள் ஓடவில்லை, காவலனின் உயிரைக் காத்தார்கள் என்பதைப் பேசுங்கள். காவலில் இருந்துகொண்டு 'வருகிறவர் நீர்தானா?' என்று ஆள் அனுப்பிக் கேட்ட யோவான் ஸ்நானனை எடுக்கலாம்; அவருக்குக் கதவு திறக்கவேயில்லை. ஆறுதல் வசனம் ஏதும் இல்லாமல் இருளில் முடிகிற 88ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டு விளக்கம் சொல்லாமல் அமைதியாக இருங்கள். அதற்கு வரும் பதில் வேறு எதற்கும் வராது.

கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு மட்டும் சோப்பு, பிஸ்கட் என்று கொடுக்காதீர்கள். அது ஆசை காட்டி மதம் மாற்றுவதாகவே பார்க்கப்படும். அப்படிப் பார்ப்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கொடுப்பதானால் பிளாக் முழுவதற்கும், நிர்வாகத்தின் கையால். யாராவது ஞானஸ்நானம் கேட்டால் 'வெளியே வந்தபின் உங்கள் வீட்டார் அறிய, உங்கள் ஊர்ச் சபையில் செய்யலாம்' என்பதே என் பதிலாக இருந்துவருகிறது. உண்மையாகக் கேட்டவர் அதுவரை காத்திருப்பார்.

வழக்கைப் பற்றி ஒருவர் தன்னை மறந்து சொல்லத் தொடங்கினால் மெதுவாக நிறுத்துங்கள்: 'இதை உங்கள் வக்கீலிடம் மட்டும் சொல்லுங்கள்.' இப்போதுள்ள சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) வக்கீலிடம் பேசியதற்குப் பாதுகாப்புத் தருகிறது. போதகரிடம் சொன்னதற்கு அப்படி ஏதும் தரவில்லை. நாளை உங்களையே சாட்சிக் கூண்டில் ஏற்றலாம். பாவ அறிக்கைக்கு வழக்கின் விவரம் தேவையில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் மட்டும் இரகசியம் காக்காதீர்கள். வெளியே வருவதற்கு முன்பே நல அலுவலரிடமோ சிறை மருத்துவரிடமோ சொல்லிவிடுங்கள். சொல்லப் போவதாக அவரிடமும் சொல்லுங்கள்.

'இந்த நம்பருக்கு ஒரு போன் மட்டும் போட்டுவிடுங்கள் அண்ணா.' முதல் மாதத்திலேயே இது வரும். கேட்பவர் கண்ணில் நீர் இருக்கும், உங்களுக்கும் இருக்கும். செய்யாதீர்கள். அந்த எண் மனைவியுடையதாக இருக்கலாம், சாட்சியுடையதாகவும் இருக்கலாம். உங்களால் பிரித்தறிய முடியாது. கடிதம், துண்டுச்சீட்டு எல்லாவற்றுக்கும் இதேதான். 'நல அலுவலர் வழியாகச் செய்யலாம், அவரிடம் நான் பேசுகிறேன்' என்று சொல்லி, அன்றே பேசுங்கள்.

வாக்குக் கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டும். வெளியே 'பார்க்கலாம்' என்றால் பாதி மறுப்பு என்று எல்லோருக்கும் தெரியும். உள்ளே அது வாக்குறுதி. நாள் எண்ணிக் காத்திருப்பார்கள். சிறையில் தன்னோடு இருந்த யோசேப்பை மறந்துபோன பானபாத்திரக்காரரின் தலைவன் கெட்டவன் இல்லை, வேலை மும்முரத்தில் இருந்தவன். யோசேப்புக்கு அது இரண்டு வருடம். என்ன சொன்னீர்கள் என்பதை வெளியே வந்ததும் நோட்டில் எழுதுங்கள்.

பெண்கள் சிறைக்குப் பெண்கள் குழு மட்டுமே போகட்டும். அங்கே மனுவுக்கு ஆள் வருவது குறைவு. கணவர் வீடும் பிறந்த வீடும் கைவிட்டிருக்கும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தாயோடு இருக்கலாம் என்பது 2006ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆறு வயது நெருங்கும் பிள்ளை எங்கே போகும் என்பதுதான் அந்தத் தாயின் ஒரே கேள்வியாக இருக்கும். பிறந்தநாள் வருவதற்குச் சில மாதங்கள் முன்பே உறவினர் வீட்டையும் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் பார்த்துவிடுங்கள்.

7. விடுதலைக்கு முன்னும் பின்னும்

வெளியே வரும் நாளை அன்று திட்டமிட முடியாது. ஜாமீன் உத்தரவு வந்து சேர்ந்து ஆளை விடும்போது பொழுது சாய்ந்திருக்கலாம். கையில் பஸ்ஸுக்குப் பணம் இருக்காது. பழைய கூட்டாளிகள் மட்டும் பைக்கோடு சரியாக வந்து நிற்பார்கள்.

ஆகவே முன்கூட்டியே கேட்டு வையுங்கள்: அழைத்துவர யார், அன்றிரவு எங்கே, ஆதார் யாரிடம், எந்தக் காவல் நிலையத்தில் எத்தனை மணிக்குக் கையெழுத்து. காசநோய்க்கோ மனநலத்துக்கோ மருந்து சாப்பிடுபவர் என்றால் சிறை மருத்துவமனையின் குறிப்புச்சீட்டை வாங்காமல் வரக் கூடாது. மருந்து விட்டுப்போவது இந்த இடைவெளியில்தான். அவசர விடுப்பில் வருபவர் என்றால் திரும்பும் நாளும் நேரமும் வீட்டுச் சுவரில் எழுதியிருக்கட்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக மனைவியிடம் தனியாக ஒரு கேள்வி: அவர் வீட்டுக்கு வருவதில் உங்களுக்குச் சம்மதமா? குடும்பம் ஒன்றுசேர்வதைப் பார்க்கும் ஆசையில் குழுக்கள் இதைக் கேட்பதே இல்லை. சில வீடுகளில் அவர் உள்ளே போனபின்தான் அடி நின்றிருக்கும். மனைவி தயங்கினால் கணவருக்கு வேறு இடம் பாருங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் கொடுத்து வையுங்கள்.

சபையில் வரவேற்பு உண்டு, மைக் இல்லை. ஓராண்டுக்காவது தன் வாழ்க்கை மாறியதைச் சாட்சியாகச் சொல்ல மேடை ஏற்றாதீர்கள். வழக்கு நிலுவையில் இருக்கும். பாதிக்கப்பட்டவர்களின் உறவினர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கைதட்டல் வாங்கிய கதையை அடுத்த கூட்டத்தில் இன்னும் கொஞ்சம் பெரிதாகச் சொல்லத் தோன்றும். காணிக்கை எண்ணும் வேலையையும் கொடுக்காதீர்கள். நூறு ரூபாய் குறைந்தால் எல்லோரும் முதலில் யாரைப் பார்ப்பார்கள் என்று அவருக்கும் தெரியும், அந்த நிலைக்கு அவரைத் தள்ள வேண்டாம்.

வேலை தேடித்தரும்போது முதலாளியிடம் மறைக்காதீர்கள். ஓடிப்போன அடிமையான ஒநேசிமுவை எஜமானிடம் திருப்பி அனுப்பிய பவுல், நடந்ததை மூடாமல், 'கடன்பட்டதுண்டானால் அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்' என்று அந்த எஜமானான பிலேமோனுக்கு எழுதினார். அந்த அளவுக்குப் பொறுப்பேற்க முடிந்த ஒரு சபையார், கொத்தனார் வேலையோ பட்டறை வேலையோ வைத்திருந்தால் அங்கேதான் முதலில் கேட்க வேண்டும். சிறுதொழில் தொடங்க அரசு உதவி உண்டா என்பதை நன்னடத்தை அலுவலரிடம் (புரொபேஷன் ஆபீசர்) கேளுங்கள். விடுதலையான சிறைவாசிகள் உதவிச் சங்கத்துக்கும் அவர் வழியாகவே விண்ணப்பிக்கலாம்.

8. நோட்டும் கணக்கும்

நோட்டில் முழுப்பெயர் எழுதாதீர்கள், வழக்கின் தன்மையும் வேண்டாம். முதலெழுத்து, தேதி, கொடுத்த வாக்கு, நிறைவேறியதா என்பது போதும். பள்ளிக் கட்டணத்தைப் பள்ளியிலும் வாடகையை வீட்டுக்காரரிடமும் நேரடியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். படம் எடுப்பதில்லை, சபை ஆண்டறிக்கைக்கும்கூட.

உறுப்பினர் ஒருவர் விலகுவதானால், அவர் பார்த்துவந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அடுத்து வரப்போகிறவரைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்வர வேண்டும். அவருக்குப் பதிலாக வருகிறவரின் பெயரைச் சிறைக்குக் கடிதத்தில் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் நகல் ஒன்று நோட்டின் பின்னட்டையில் ஒட்டியிருக்கட்டும். அடுத்த முறை வாசலில் கேட்பார்கள்.